பதிவேட்டில் ஏறாத உழைப்பு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் முதுமையைப் பற்றிப் பேச வேண்டுமானால் மூன்று வகை மனிதர்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாமவர், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலோ அல்ஜீரியாவிலோ பணியாற்றித் திரும்பிய சொல்தாவின், அதாவது சிப்பாயின், மனைவி. கணவர் போன பிறகும் அவருக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருகிறது. இரண்டாமவர், புதுச்சேரி நகரத்துப் பஞ்சாலைக்குச் சைக்கிளில் போய்வந்தவர். அவருக்கு வருங்கால வைப்பு நிதியும் சிறு பென்ஷனும் கிடைத்தன. மூன்றாமவர், பத்து வயதில் சேற்றில் இறங்கி அறுபத்தைந்து வயது வரை நாற்று நட்ட கூலிக்காரப் பெண். மூவரில் அதிக ஆண்டுகள் உழைத்தவர் இவர்தான். ஆனால் இவர் வயலில் உழைத்தார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இப்பகுதியில் வேலையும் பணமும் குறித்துச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சேமிப்பைப் பற்றியவை. சிக்கனமாக இரு, சீட்டுப் போடு, நகை வாங்கி வை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முதல் கோடைக் கூலியிலிருந்து கடைசிக்கால ஓய்வூதியம் வரை ஒருவருடைய வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்த்தால், எவ்வளவு சம்பாதித்தார் என்பதைவிட, செய்த வேலை எங்காவது எழுத்தில் பதிவானதா என்பதுதான் முதுமையைத் தீர்மானித்திருக்கிறது. சேமிக்கத் தெரியாததால் முதுமையில் ஏழையானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெயர் ஏறாமல் உழைத்ததால் அப்படி ஆனவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 12,47,953 பேர். அவர்களில் கிராமத்தில் வாழ்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கிராமம் சிறியது, நகரம் பக்கத்தில். இதனால் இங்கே ஒரே வீட்டில் வயல் வேலையும் கம்பெனி வேலையும் ஓட்டல் வேலையும் சேர்ந்திருக்கும். தாய் நடவுக்குப் போவார், மகன் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் போவான், மகள் கிருமாம்பாக்கம் பக்கத்தில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் துப்புரவு ஒப்பந்தத்தில் இருப்பாள். மூன்று வேலைக்கும் மூன்று வகைச் சட்டம். மூவருக்கும் தங்கள் சட்டம் எது என்று தெரியாது.

முதல் சம்பாத்தியம் இந்தப் பக்கத்தில் பலருக்கும் மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், தொடங்கியது. மார்கழி, தை மாதங்களில் விதைத்த மல்லாட்டை சித்திரையில் பறிப்புக்கு வரும். பள்ளிக்கூடம் விடுமுறை விடுகிற காலமும் அதுதான். பெரியவர்கள் செடியைப் பிடுங்கிக் குவிப்பார்கள். வரப்பு ஓரம் புடவையை நான்கு கம்பில் கட்டி நிழல் உண்டாக்கி, அதன் கீழே பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஈரமண் ஒட்டிய செடியை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையால் காயை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். இளங்காயைச் சேர்த்துப் போட்டால் அளக்கும்போது தள்ளிவிடுவார்கள். மாலையில் மரக்காலில் அளந்து, மரக்காலுக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளை ஆய்ந்தது தனியாக அளக்கப்படாது. அது அம்மாவின் குவியலில் சேர்ந்துவிடும். பிள்ளைக்குக் கிடைப்பது முந்தானையில் முடிந்துவந்த கொஞ்சம் பச்சைக்காயும், பள்ளி திறக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகமும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வீட்டோடு சேர்ந்து உழைத்த பிள்ளைக்கு நெல்லும் மல்லாட்டையும் எப்படி விளைகின்றன என்று தெரிந்தது. அளவில் ஏமாற்றினால் எதிர்த்துப் பேசவும் தெரிந்தது. ஆனால் முதல் வேலையிலேயே ஒரு வழக்கமும் பதிந்துபோனது. வேலை செய்தவரின் பெயருக்கு அங்கே இடமில்லை, குவியலுக்குத்தான் இடம். நடவிலும் இதே கதைதான். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒரு பெண்கள் குழு இறங்கும், வந்த பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். வயல்காரருக்குக் குழுத் தலைவியைத் தெரியும். மற்றவர்களைத் தெரியாது.

பிள்ளைகள் வேலை செய்வதில் எல்லை எங்கே என்று 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ளவரை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத்தின் சொந்தத் தொழிலில் உதவலாம். 14 முதல் 18 வரை அபாயமான தொழில்கள் கூடாது. அப்பாவின் நிலத்தில் மல்லாட்டை ஆய்வது இந்த எல்லைக்குள் வரும். செங்கல் சூளையில் குடும்பமே முன்பணம் வாங்கிக்கொண்டு போய், பிள்ளையும் பச்சைக்கல் திருப்பிப் போடுவது வராது. சூளையிலும் கரும்பு வெட்டிலும் முன்பணம்தான் கயிறு. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பது முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும். அப்படி முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைத்தால், 1976-ம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. இந்த ஒரு செய்தி சூளைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய பிள்ளைகளின் கோடை வேலை வேறு. பிளஸ் டூ எழுதிவிட்டுக் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறார்கள், நகரத்துத் துணிக்கடைகளில் நிற்கிறார்கள், சனி ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்துக்காக ஓட்டல்களில் தட்டு எடுக்கிறார்கள். கூலி பெரும்பாலும் அன்றன்று கையில். அந்தப் பணம் செல்போனுக்கும் பைக்கின் முன்தொகைக்கும் போகிறது. போகட்டும், வயது அப்படி. ஆனால் முதல் சம்பளத்தின்போதே ஒரு காரியம் செய்யலாம். கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேட்பது. நாலு மாதம் கழித்து ‘கொடுத்துவிட்டேன்’, ‘வரவில்லை’ என்ற வழக்கு வரும்போது பாஸ்புக்தான் பேசும்.

எழுத்தில் ஏறிய உழைப்பு என்ன தரும் என்பதற்குப் புதுச்சேரியின் வரலாறே சாட்சி. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில்தான் பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. ஆட்சி போனது, கொடி போனது. சொல்தாக்களின் ஓய்வூதியம் மட்டும் போகவில்லை. எந்தப் படைப்பிரிவு, எத்தனை ஆண்டு, மனைவி பெயர் என்ன என்று எல்லாமே பதிவேட்டில் இருந்ததால், கடல் கடந்தும் தலைமுறை கடந்தும் அந்தப் பணம் வந்துகொண்டிருக்கிறது. ஓர் அரசே மாறிய பிறகும் காகிதம் நிலைத்து நின்ற கதை இது. இப்பகுதியின் பணப்பாடங்களில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

ஆலைத் தொழிலாளர்கள் அந்தக் காகிதத்தைப் போராடி வாங்கினார்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் உயிரிழந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தன. வேலை நேரம் எழுதப்பட்டது, கூலி எழுதப்பட்டது. ஆலை வேலை கிடைத்தவருக்குப் பெண் கொடுக்கக் கிராமத்தில் போட்டி இருந்ததன் காரணம் சம்பளம் மட்டுமல்ல. 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. பஞ்சாலையை 2011 டிசம்பரின் தானே புயல் உருக்குலைத்தது. பிறகு அது மெல்லமெல்ல முடங்கி 2020 ஏப்ரல் 30-ல் முறைப்படி மூடப்பட்டது. நிரந்தர வேலையும் நிரந்தரமல்ல என்று அந்த மூடல் காட்டியது. ஆனாலும் மூடும்போது ஆலைத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கேட்க வழி இருந்தது, வைப்பு நிதி இருந்தது, வாதாட ஒரு வரிசை எண் இருந்தது. அதே ஆண்டு கொரோனா முடக்கத்தில் வேலை இழந்த, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் கேட்க யாரும் இல்லை.

ஆலைகளுக்குப் பிறகு வரிச் சலுகையை நம்பி வந்த தொழிற்சாலைகள். சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் பக்கத்து இளைஞர்கள் ஐ.டி.ஐ. முடித்தும் முடிக்காமலும் உள்ளே போனார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இங்கேதான் காகிதம் இருந்தும் இல்லாததுபோல் ஆகும் வேடிக்கை நடக்கிறது. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள், முதலாளி அதே அளவு போடுகிறார். முதலாளியின் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகும். 2014 செப்டம்பர் முதல் அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். பத்து ஆண்டு சேவை முடித்தவருக்கு 58 வயதில் மாதப் பென்ஷன். கணக்கு எளிது: பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாயும் 14 ஆண்டும் என்றால் மாதம் 3,000. ஒன்பது ஆண்டு என்றால் மாதப் பென்ஷனே கிடையாது, ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

நம் இளைஞர் என்ன செய்தார்? ஒரே கம்பெனியின் அதே இயந்திரத்தில் பன்னிரண்டு ஆண்டு நின்றார். ஆனால் நடுவே நான்கு காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் புது வைப்பு நிதி எண் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கணக்கில் இருந்ததை ‘எடுத்துக் கொடுக்கிறேன்’ என்று ஒருவர் வந்தார். தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், பைக் தவணை எனப் பணத்துக்குத் தேவையும் இருந்தது. ஐம்பது வயதில் திரும்பிப் பார்த்தால் சேவை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. பணத்தை எடுக்காமல் கணக்கை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தால் எல்லா ஆண்டுகளும் கூடியிருக்கும். 2014-ல் வந்த யு.ஏ.என். எண் இதற்காகத்தான்: வேலை மாறினாலும் எண் மாறாது. அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைத் தன் பெயரைப்போல் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று எந்த ஐ.டி.ஐ.யிலும் பாடம் நடத்தப்படுவதாகத் தெரியவில்லை. வெல்டிங் கற்றுத்தரும் வகுப்பில் இதற்கு ஒரு பிற்பகல் போதும்.

இன்னொரு சிக்கல் புதுச்சேரிக்கே உரியது. இங்கே பழைய பதிவேடுகளில் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். முருகன் என்ற பெயர் பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஆங்கில வழக்கில் வேறு மாதிரி, கம்பெனிப் பதிவேட்டில் எழுத்தர் காதில் விழுந்த மாதிரி இருக்கும். முன்னெழுத்து ஒன்றில் முன்னே, ஒன்றில் பின்னே. பணம் கேட்டு விண்ணப்பிக்கும் நாளில்தான் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திரும்பிவரும். திருத்தக் கையெழுத்துப் போட வேண்டிய காண்ட்ராக்டர் அதற்குள் தொழிலையே விட்டிருப்பார். முப்பது வயதில் ஒரு நாள் கூலியை இழந்து இந்தத் திருத்தத்தை முடிப்பது, முப்பது ஆண்டுச் சேமிப்புக்குச் சமமான காரியம்.

வயல் பக்கம் திரும்பினால், கூலிக்காரப் பெண்ணின் பெயர் முதன்முதலாக ஒரு வருகைப் பதிவேட்டில் ஏறியது நூறு நாள் வேலையில்தான். 2005-ம் ஆண்டுச் சட்டம் 2008 ஏப்ரலில் இங்கே நடைமுறைக்கு வந்தது. 2024-25 நிதியாண்டில் தினக்கூலி 319 ரூபாய். நூறு நாள் என்ற பெயருக்கு ஏற்ற நாட்கள் கிடைக்கவில்லை என்பது இங்கே எல்லாரும் சொல்லும் குறை, உண்மையான குறை. ஏரி வாய்க்கால் தூர்வாருகிற வேலையை ஏளனமாகப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. வேலை அட்டையில் தன் படம், தன் பெயரில் வங்கிக் கணக்கு, கூலி வராவிட்டால் கொம்யூன் அலுவலகத்தில் போய்க் கேட்கும் துணிவு ஆகியவை 319 ரூபாயைவிடப் பெரியவை. அந்தக் கணக்கு இருந்ததால்தான், 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் போடும் முறை வந்தபோது பெண்கள் தடுமாறாமல் இருந்தார்கள். அந்த முறை நல்லதா என்பது வேறு வழக்கு. அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழும் தொகை ஏறாது என்று ஒவ்வொரு இல்லத்தரசியும் சில மாதங்களிலேயே கண்டுகொண்டார்.

நிலமற்ற பெண்களுக்கு வேறு வருமானம் உண்டாக்கும் முயற்சியும் வில்லியனூர் பக்கம் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் தொடங்கிய உயிர்க்கிராமத் திட்டம் கீழூர், பிள்ளையார்குப்பம், சிவராந்தகம் ஆகிய ஊர்களில் காளான், கறவை மாடு, மீன் வளர்ப்பு என்று பழக்கியது. அங்கே உருவான குழுக்களில் பெண்கள் தாங்களே வரவு செலவு நோட்டு எழுதினார்கள். காளானைவிட அந்த நோட்டு நீண்டகாலப் பயன் தந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கடனைப் பற்றிச் சொல்லாமல் பணத்தைப் பற்றிப் பேச முடியாது. தெருவில் தண்டல்காரர் பத்தாயிரத்துக்கு நோட்டு எழுதி, பிடித்தம் போக 8,500 கையில் தருவார். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரத்தைந்நூறுதானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கையில் நின்ற பணம் சராசரியாகப் பாதிதான். கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டும். ‘அஞ்சு வட்டி’ என்றால் மாதம் நூறுக்கு ஐந்து, ஆண்டுக்கு 60. இதே வீட்டில் பீரோவில் இரண்டு பவுன் இருக்கும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அதை வைத்தால் வட்டி இதில் ஒரு சிறு பங்குதான். நகையை அடகு வைப்பது ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும், தண்டல் வாங்குவது எல்லாரும் செய்வது. அந்த மானத்தின் விலையைத்தான் வட்டியாகக் கட்டுகிறார்கள்.

குழுக்கடன் வந்து தண்டலைக் கொஞ்சம் விரட்டியது. பிறகு ஒரே வீட்டில் நான்கு கம்பெனியின் குழுக்கடன் சேர்ந்தது. ஒன்றைக் கட்ட இன்னொன்று. 2022-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்தது: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தில், எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்பவரிடம் இந்த விதியைச் சொல்லக் குழுத் தலைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டுக்கும் 1982-ல் போட்ட சட்டம் உண்டு. பதிவு செய்த சீட்டு, பதிவு செய்யாத சீட்டு என்ற வேறுபாட்டைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் சீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போன பிறகுதான் கேட்கிறார்கள். கூலியின் இன்னொரு பங்கு சாராயக்கடைக்குப் போகிறது. புதுச்சேரி அரசின் வருமானத்தில் கலால் பெரும்பங்கு என்பதால் அதை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

பிறகு நிலம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து பாகூர் ஏரியை நிரப்பும். அதனால்தான் பாகூருக்கு நெற்களஞ்சியம் என்ற பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாகப் போனதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அப்போதும் நிலம் செம்பில் ஏறியது, உழுதவர் ஏறவில்லை. இப்போது அந்த நன்செயில் மனைக்கற்கள் நடப்படுகின்றன. அரைக் காணி விற்ற குடும்பத்துக்கு வாழ்நாளில் பார்க்காத பணம் ஒரே நாளில் வருகிறது. மாடி வீடு, மகள் கல்யாணம், கார். பத்தாண்டில் வீடு மட்டும் நிற்கிறது. விற்றவருக்காவது அது கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்பது ஆண்டு நட்டவருக்கு நிலம் மனையானதும் வேலையே முடிந்தது; கையில் ஒரு ரூபாய் வரவில்லை.

இவர்களுக்கென்று திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2019-ல் வந்த பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 200. அதே அளவு மத்திய அரசும் போடும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000. சேரத்தான் வேண்டும். ஆனால் 18 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பணம் கைக்கு வர 42 ஆண்டாகும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அன்றைய 3,000 ரூபாய் இன்றைய 260 ரூபாய்க்குத்தான் சமம். இதைச் சொல்லாமல் திட்டத்தை விளம்பரப்படுத்துவது சரியல்ல. முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு பதினைந்து ஆண்டுக்கும் மேலாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. புதுச்சேரி அரசு தன் பங்கைக் கூட்டி, 55 வயதிலிருந்தே தருவதால்தான் இங்கே முதியோர் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள். அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அது கருணையில் நிற்கும் பணம். பட்டியலில் பெயர் சேரக் காத்திருக்க வேண்டும், யாரையாவது பார்க்க வேண்டும். சொல்தாவின் மனைவி யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

கட்டடத் தொழிலில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1996-ம் ஆண்டுச் சட்டங்கள் தொடங்கிவைத்த முறைப்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தீர்வையாக வசூலித்து நல வாரியத்துக்குத் தருகிறார்கள். ஆண்டில் 90 நாள் வேலை செய்ததைக் காட்டினால் சித்தாளும் உறுப்பினராகலாம். முதலாளி யார் என்று தெரியாத தொழிலிலும் தொழிலாளியைப் பதிவேட்டில் ஏற்ற முடியும் என்பதற்கு இது சான்று. நடவுப் பெண்ணுக்கும் இதே போன்ற ஏற்பாடு ஏன் கூடாது? நன்செய் மனையாக மாறும் ஒவ்வொரு முறையும், அந்த மனையின் விலையில் ஒரு பங்கை அந்தக் கொம்யூனின் வேளாண் தொழிலாளர் ஓய்வூதிய நிதிக்கு எடுத்துவைக்கலாம். மனை விலை ஏறும் என்று எதிர்ப்பு வரும். சற்று ஏறும்தான். ஆனால் அந்த விலை அத்தனை ஏறியதற்குக் காரணமான மண்ணைப் பண்படுத்தியதில் நட்டவருக்கும் பங்கு உண்டு. யார் நட்டார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்பார்கள். 2008-லிருந்து எழுதப்பட்ட நூறு நாள் வேலைப் பதிவேடுகளில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு ஊரின் நடவுக் குழுத் தலைவியையும் ஒரு நாள் கொம்யூன் அலுவலகத்துக்கு அழைத்து உட்காரவைத்துக் கேட்டால், மீதிப் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்லிவிடுவார்.